படிப்பு போதகரைத் தேடிப் போகட்டும்: வெளிநாட்டுச் சபை ஊழியர்களுக்கான தொலைதூர இறையியல் கல்வி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்திலோ மலாவியிலோ ஊழியம் செய்யும் ஒரு போதகரின் படிப்புக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம் சபைகள் பலவற்றில் இருக்கிறது. மிஷனரிக் குழுவில் இந்தப் பேச்சு வந்ததும் கேள்விகளும் அடுத்தடுத்து வரும். அதிகம் கேட்கப்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டு மூன்று வரியிலும் பதில் இருக்கும்.

தொலைதூர இறையியல் கல்வி என்றால் அஞ்சல் வழிப் படிப்புதானே?

அஞ்சல் வழியில் புத்தகம் வரும், மாணவர் தனியாகப் படிப்பார், விடைத்தாளை அனுப்புவார், மதிப்பெண் வரும். அதுவும் ஒரு வகைதான். ஆனால் சபைப் போதகர்களை உருவாக்குவதற்கு உலகம் முழுக்கப் பயன்பட்டு வந்திருப்பது வேறொரு முறை. விரிவாக்க இறையியல் கல்வி என்பார்கள், ஊழியர்கள் மத்தியில் டி.இ.இ. என்றாலே புரியும்.

இதில் மூன்று அம்சங்கள் உண்டு. வீட்டில் அன்றாடம் படிக்கும் பாடநூல் ஒன்று. சபையில் செய்துகொண்டிருக்கும் ஊழியம் இரண்டாவது. வாரம் ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ வழிகாட்டியுடன் கூடும் சிறு குழு மூன்றாவது. டெட் வார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதை ஒரு மரவேலிக்கு ஒப்பிட்டார். கிடையாக ஓடும் இரண்டு சட்டங்களில் ஒன்று படிப்பு, மற்றது கள அனுபவம். இடையிடையே நின்று இரண்டையும் பிடித்திருக்கும் கம்பங்கள்தான் குழுக் கூட்டங்கள். கம்பம் இல்லாவிட்டால் சட்டங்கள் தரையில் கிடக்கும். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பதை வைத்தே ஒரு திட்டத்தை நான் எடைபோடுவேன். கீழே உள்ள பதில்களிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

இது எங்கே, எதனால் தொடங்கியது?

குவாத்தமாலாவில், 1963இல். அந்த மத்திய அமெரிக்க நாட்டின் பிரஸ்பிட்டேரியன் சபைக்குத் தலைநகரில் ஒரு செமினரி, அதாவது விடுதியில் தங்கிப் படிக்கும் இறையியல் கல்லூரி, இருந்தது. 1962வாக்கில் அதன் பலனைக் கணக்குப் பார்த்தார்கள். இருபத்தைந்து ஆண்டு நடத்திய பிறகும் அங்கே படித்துச் சபை ஊழியத்தில் நிலைத்திருந்தவர்கள் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள். வழிநடத்த வேண்டிய சபைகளோ அதைவிடப் பல மடங்கு.

கிராமத்திலிருந்து வந்த வாலிபர்கள் சில ஆண்டு நகரத்தில் இருந்து பழகியபின் ஊருக்குத் திரும்ப விரும்பவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் சபையை உண்மையாகத் தாங்கிக்கொண்டிருந்தவர்களோ வயதில் மூத்தவர்கள். மனைவி மக்கள், நிலம், கடை, தோட்ட வேலை என்று பொறுப்புள்ளவர்கள். அவர்களை விடுதிக்கு வா என்று அழைப்பதில் அர்த்தமே இல்லை.

முதலில் செமினரியையே சான் பெலிப்பே என்ற சிற்றூருக்கு மாற்றிப் பார்த்தார்கள். கிராமத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் இவர்களும் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. அப்போதும் அவர்களால் வர முடியவில்லை, ஏனென்றால் வேலையை விட முடியாது என்பது அப்படியேதான் இருந்தது. அப்புறம்தான் அங்கே ஊழியம் செய்த மிஷனரிகளான ஜேம்ஸ் எமரி, ரால்ஃப் வின்டர், சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் முறையையே தலைகீழாக்கினார்கள். மாணவர் ஊரிலேயே இருப்பார். ஆசிரியர் வாரந்தோறும் ஆங்காங்கே உள்ள மையங்களுக்குப் பயணம் செய்வார். ஒரு கைப்பிடி அளவுக்கு இருந்த மாணவர் தொகை சில ஆண்டுகளில் நூற்றைத் தாண்டியது.

இன்னொன்றையும் செய்தார்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பாடத்திட்டத்தை ஆரம்பப் பள்ளி முடித்தவருக்கு ஒரு நிலையிலும், உயர்நிலைப் பள்ளி முடித்தவருக்கு ஒரு நிலையிலும், அதற்குமேல் படித்தவருக்கு ஒரு நிலையிலும் தயாரித்தார்கள். கல்வித் தகுதி குறைவு என்பதற்காகச் சபை தேர்ந்தெடுத்த தலைவரை வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை.

1967இல் கொலம்பியாவின் அர்மேனியா நகரில் இதைப் பற்றி ஒரு பயிலரங்கு நடந்தது. அங்கிருந்து லத்தீன் அமெரிக்கா முழுக்கவும், பிறகு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் முறை பரவியது. 1971இல் பெங்களூருவில், இதே முறையில் இந்தியாவில் பயிற்சி தரும் டாஃப்டி என்ற அமைப்பு உருவானது. 1976இல் ஜோகன்னஸ்பர்க்கில் பல சபைப் பிரிவுகள் சேர்ந்து நடத்தும் ஒரு விரிவாக்கக் கல்லூரி தொடங்கியது. அரபு மொழியில் படிக்கிறவர்களுக்கு ஜோர்தானின் அம்மானிலிருந்து ஒரு திட்டம் நடக்கிறது.

திறமையான ஒரு போதகரை இங்கேயோ அமெரிக்காவுக்கோ அழைத்து வந்து மூன்று ஆண்டு படிக்க வைப்பது எளிதல்லவா?

செய்கிற நமக்கு எளிது. புகைப்படம் இருக்கும், பட்டமளிப்பு விழா இருக்கும், காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்ட ஒரு முகம் இருக்கும். ஆனால் அந்த மூன்று ஆண்டும் அவர் சபையை யார் பார்ப்பது? பல ஆப்பிரிக்க நாடுகளில் ஒரே போதகர் பல சபைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறார். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்வதும், நோயாளியைப் பார்ப்பதும், அடக்க ஆராதனை நடத்துவதும் மூப்பர்கள்தான். அவர்களில் ஒருவரை எடுத்தால் ஒரு சபை தடுமாறும்.

இரண்டாவது, திரும்பிப் போவாரா என்பது. போகாமல் இருந்துவிட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்துவிடுவார்கள், அங்கேயே ஒரு சபை அழைக்கும், வாழ்க்கை வேர்விட்டுவிடும். ஆனால் அனுப்பிய சபைக்கு அது இழப்பு.

மூன்றாவதைத்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை. வெளியில் படிக்கும்போது பாடத்தில் வரும் கேள்விகளும் வெளியூர்க் கேள்விகளாகவே இருக்கும். நேபாளத்துப் போதகரிடம் தசைன் என்ற பெரிய இந்துப் பண்டிகையின்போது சபையார் கேட்பது வேறு: தாத்தா ஆசீர்வாதமாக நெற்றியில் டீக்கா என்ற திலகம் வைக்க வந்தால் குனியலாமா, மறுத்தால் குடும்பமே முறிந்துவிடாதா? காத்மாண்டுவில் கிறிஸ்தவர்களுக்கு அடக்கம் செய்ய இடம் கிடைப்பதே பெரும் பிரச்சினை. கானாவில் இறுதிச் சடங்குக்குக் கடன் வாங்கிச் செலவு செய்யும் குடும்பத்திடம் போதகர் என்ன சொல்வது? பக்கத்துச் சபைப் போதகர்கள் நாலைந்து பேருடன் உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்து வைத்துப் பேசினால்தான் இவற்றுக்கு வழி கிடைக்கும். தைவானைச் சேர்ந்த இறையியலாளர் ஷோக்கி கோ 1972இல் சூழலோடு பொருந்தும் இறையியல் பற்றிப் பேசத் தொடங்கியபோது முன்வைத்த கவலையும் இதை ஒட்டியதுதான்.

அப்படியானால் இறையியல் கல்லூரிகள் தேவையில்லையா?

கட்டாயம் தேவை. எபிரெயம், கிரேக்கம், சபை வரலாறு ஆகியவற்றை ஆழமாகக் கற்றவர்கள் இல்லாவிட்டால் பாடநூலை யார் எழுதுவார்கள், மொழிபெயர்ப்பை யார் சரிபார்ப்பார்கள்? கல்லூரிக்குப் போகக்கூடிய சூழ்நிலையில் உள்ள வாலிபர் போகட்டும். ஏற்கெனவே சபையைத் தோளில் சுமப்பவருக்கு இந்த வழி.

ஒரு குழுக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

ஐந்து முதல் பத்துப் பேர். அதற்குமேல் போனால் பேசுபவர்கள் மட்டும் பேசுவார்கள். கூடும் இடம் சபைக் கட்டடமாக இருக்கலாம், ஒருவர் வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம். ஜெபத்தில் தொடங்கி, அந்த வாரப் பாடத்தைப் படித்தார்களா என்று ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள். பிறகு போன வாரம் ஒப்புக்கொண்ட ஊழியப் பணியைச் செய்தார்களா என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மீதி நேரம் முழுக்கக் கலந்துரையாடல்.

வழிகாட்டி விரிவுரை நடத்தக்கூடாது. இது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். நம் பக்கத்து ஆசிரியர்களுக்கும் ஆயர்களுக்கும் இது இன்னும் கடினம், ஏனென்றால் முன்னால் நிற்பவர் பேச வேண்டும், உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டும் என்றே வளர்ந்திருக்கிறோம். பாடத்தின் செய்தியை மாணவர்கள் வீட்டிலேயே படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். வழிகாட்டியின் வேலை கேள்வி கேட்பது. மத்தேயு 18இல் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்று இயேசு சொன்னதைப் படித்திருப்பார்கள். உங்கள் சபையில் இப்போது பேசாமல் இருக்கும் இரண்டு குடும்பங்கள் உண்டா, நீங்கள் யாரிடம் முதலில் போனீர்கள் என்று வழிகாட்டி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளவும் அவர் பழக வேண்டும். அந்த இடத்தில் அவசரப்பட்டுப் பதிலைத் தானே சொல்லிவிடும் வழிகாட்டியால் குழு மெல்ல மெல்ல வகுப்பறையாகிவிடும்.

பாடநூல் எப்படி இருக்கும்? யார் எழுதுகிறார்கள்?

ஆரம்ப காலத்தில் படிப்படியாகக் கற்பிக்கும் நூல்களே அதிகம். சிறு பத்தி, அதன் கீழே ஒரு கேள்வி, விடையை உடனே சரிபார்த்துக்கொள்ள வசதி. பள்ளியை விட்டு இருபது ஆண்டான ஒரு விவசாயிக்கு இது பெரிய தைரியம் தரும். அர்ஜென்டினாவின் வடபகுதியில் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் 1971இல் தொடங்கிய எஸ்.இ.ஏ.என். என்ற திட்டம் இந்த வகையில் மிகவும் பரவியது. மத்தேயு சுவிசேஷத்தை அடிப்படையாக வைத்து இயேசுவின் வாழ்க்கையையும் போதக ஊழியத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் அதன் பாடங்கள் பல மொழிகளுக்குப் போயிருக்கின்றன.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்கத் தேவையில்லை. கோடிட்ட இடத்தை நிரப்பியே பழகியவர் யோசிக்கக் கற்றுக்கொள்ள மாட்டார். கேள்வியின் விடை மேலே உள்ள பத்தியிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் கண் அதைத் தேடிப் போய்விடும். நல்ல திட்டங்கள் அடுத்தடுத்த நிலைகளில் திறந்த கேள்விகளையும் ஊழிய அறிக்கைகளையும் சேர்க்கின்றன. நீங்கள் ஆதரிக்க நினைக்கும் திட்டத்தின் பாடநூல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசிப் பக்கம்வரை கோடுகளும் புள்ளிகளும்தான் என்றால் யோசிக்க வேண்டும்.

மொழி இன்னொரு பெரிய விஷயம். குவாத்தமாலாவிலேயே மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள் பேசிய சபையாருக்கு ஸ்பானிய நூல் கனமாகத்தான் இருந்தது. போதகர் எந்த மொழியில் ஜெபிக்கிறாரோ அந்த மொழியில் பாடம் இருந்தால் நல்லது. மொழிபெயர்ப்புக்குக் காலமும் பணமும் ஆகும். இருந்தாலும் வெளியிலிருந்து உதவுகிறவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு இதுதான் என்று நினைக்கிறேன். ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.

வாசிக்கத் தெரியாத போதகர்கள்?

இருக்கிறார்கள், அவர்களில் நல்ல மேய்ப்பர்களும் இருக்கிறார்கள். ஒலிவடிவப் பாடம், கதைவழி வேதபாடம், குழுவில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்று வழிகள் உண்டு. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதையும் படிப்போடு சேர்த்துக்கொள்ளலாம். குவாத்தமாலாவிலும் ஆரம்பப் பள்ளி முடிக்காதவர்கள் அதை முடிக்க உதவி செய்தார்கள்.

இப்போதுதான் ஜூம், வாட்ஸ்அப் எல்லாம் வந்துவிட்டதே. வீடியோ பதிவுசெய்து அனுப்பினால் போதாதா?

போதாது. நல்ல பிரசங்கங்களும் பாடங்களும் இணையத்தில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. கூடி உட்கார்ந்து பேசுவதற்கான ஏற்பாடுதான் இல்லை. நம் ஊரிலிருந்து ஒருவர் இரண்டு மணி நேரம் ஜூமில் பேச, அந்தப் பக்கம் காமிராவை அணைத்துவிட்டு நாற்பது பேர் கேட்பது பயிற்சி ஆகாது. டேட்டா செலவு, மின்வெட்டு, ஒரே கைபேசியைக் குடும்பமே பயன்படுத்துவது ஆகியவற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இணையம் கம்பத்துக்குப் பலம் சேர்க்கலாம். மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் வாட்ஸ்அப் குரல்பதிவில் கலந்துரையாடலைத் தொடரலாம். 2020இல் தொற்றுக் காலத்தில் பல குழுக்கள் இப்படித்தான் பிழைத்தன. வழிகாட்டிகளுக்கான பயிற்சியையும் இணையம்வழி நடத்தலாம். பாடநூலைக் கைபேசியில் திறக்கும் கோப்பாகக் கொடுத்தால் அச்சுச் செலவு குறையும். மாணவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கும் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சான்றிதழ், பட்டம் கிடைக்குமா? அதை வைத்துக் குருப்பட்டம் தருவார்களா?

சான்றிதழ் நிலையிலிருந்து இறையியல் இளநிலைப் பட்டம்வரை தரும் திட்டங்கள் உண்டு. ஆசிய இறையியல் கழகம் போன்ற அமைப்புகள் அங்கீகாரம் தருகின்றன. இந்தியாவில் இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட் வெளிநிலை மாணவர்களுக்குக் கிறிஸ்தவ இயலில் பட்டயமும் பட்டமும் வழங்குகிறது. 1818இல் தொடங்கி 1827இல் டென்மார்க் அரசரின் சாசனம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் மரபு அது.

குருப்பட்டம் தருவது சபையின் முடிவு. ஒவ்வொரு சபைப் பிரிவுக்கும் ஒரு விதி. சில சபைகள் விரிவாக்கப் படிப்போடு கொஞ்சக் காலம் கல்லூரியில் தங்கிப் படிப்பதையும் கேட்கும். மாணவர் சேருவதற்கு முன்பே அவருடைய சபைத் தலைமையிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஐந்து ஆறு ஆண்டு உழைத்தபின் “இது செல்லாது” என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை.

தமிழ்ச் சபை வரலாற்றைப் பார்த்தால் ஊழியத்தில் இருந்தபடியே உருவானவர்கள்தான் தொடக்கத்தில் குருமார் ஆனார்கள். தரங்கம்பாடியில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் அதற்கு முன் உபதேசியாராக உழைத்தவர். திருநெல்வேலிச் சபைகளுக்கு ஊழியம் செய்த சத்தியநாதன், ஷ்வார்ட்ஸ் ஐயரின் கீழ் பல ஆண்டு உபதேசியாராக இருந்தபின் 1790இல் குருவானார். இவர்களை அரைகுறைப் போதகர்கள் என்று யாராவது சொல்வார்களா?

எவ்வளவு காலம் ஆகும்?

வேலையும் ஊழியமும் பார்த்துக்கொண்டு படிப்பதால் அடிப்படைச் சான்றிதழுக்கே இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். பட்டத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவசரப்படுத்தாதீர்கள்.

பெண்கள் படிக்கிறார்களா?

படிக்கிறார்கள். விடுதிக்குப் போக முடியாத தாய்மார்கள், போதகர்களின் மனைவிகள், பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவர்கள் என்று பலருக்கு வாசல் திறந்தது இந்த முறையில்தான். அவர்களுடைய சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தராவிட்டாலும்கூட. கூட்ட நேரத்தை மட்டும் அவர்களைக் கேட்டு வையுங்கள். சமையல் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று எழுதிய அறிக்கைகள் உண்டு.

பாதியில் நின்றுவிடுகிறவர்கள் அதிகமா?

ஆம், இதன் பெரிய பலவீனம் அதுதான். அறுவடைக் காலம், மனைவியின் பிரசவம், வேலைக்காக ஊர் மாறுவது என்று காரணங்கள் நிறைய. ஆனால் குழுக்கள் கலைவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது வழிகாட்டியை. அவருக்கு முறையான பயிற்சி தராமல், பாடநூலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால், அவர் தான் கற்ற விதத்திலேயே கற்பிப்பார், அல்லது கூட்டங்களைத் தள்ளிப்போடுவார். மூன்று வாரம் தொடர்ந்து கூட்டம் நின்றால் குழுவை மீட்பது கடினம். எனவே ஒரு திட்டத்திடம் எத்தனை மாணவர் சேர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை குழு இந்த மாதம் கூடியது, வழிகாட்டிகள் கடைசியாக எப்போது பயிற்சிக்குக் கூடினார்கள் என்று கேளுங்கள்.

செலவு எவ்வளவு? நாம் எதற்குக் கொடுக்கலாம்?

விடுதி, சாப்பாடு, கட்டடம் இல்லாததால் ஒரு மாணவருக்கான செலவு கல்லூரியைவிடக் குறைவுதான். ஆனால் இலவசமாக நடந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. வழிகாட்டிகளின் பயணம், அச்சு, மொழிபெயர்ப்பு, தேர்வுத்தாள் திருத்துவது எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

மாணவரும் ஒரு பங்கு கட்டட்டும், சிறிய தொகையானாலும் சரி. அவருடைய சபை இன்னொரு பங்கு தரட்டும். மீதிக்கு நாம் உதவலாம். முழுச் செலவையும் வெளியிலிருந்து ஏற்றுக்கொண்ட திட்டங்கள், உதவி நின்ற மாதமே நின்றுவிடும். தனி ஒரு போதகருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதையும் நான் ஆதரிப்பதில்லை. அவருக்கும் பக்கத்துச் சபைப் போதகருக்கும் இடையே அது கசப்பை உண்டாக்கும்.

சட்ட விஷயம் ஒன்று. இந்தியாவில் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவான அமைப்பு வெளிநாட்டில் செலவிட்டால் வருமானவரி விலக்கில் சிக்கல் வரும், அதற்கு முன் அனுமதி தேவைப்படும். ஆடிட்டரிடம் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

கிறிஸ்தவ ஊழியத்துக்குக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில் இது நடக்குமா?

நடக்கிறது. கல்லூரி என்றால் கட்டடம், பதிவு, பலகை எல்லாம் வேண்டும். வீட்டில் கூடும் ஏழெட்டுப் பேருக்கு அவை வேண்டாம். ஆனாலும் உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அங்குள்ள சபைத் தலைவர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பே பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது, 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. அங்கே ஒரு குழுவின் படத்தைப் பெயரோடும் ஊரோடும் நம் சபைப் பத்திரிகையிலோ முகநூலிலோ போடுவதால் நமக்கு ஒரு மாத மகிழ்ச்சி, அவர்களுக்கு வழக்கு. தயவுசெய்து போடாதீர்கள். நன்கொடையாளர்கள் கேட்டாலும் போடாதீர்கள்.

நம் சபையிலிருந்து யாராவது போய்க் கற்பிக்கலாமா?

மாணவர்களுக்கு நேரடியாகக் கற்பிக்கப் போக வேண்டாம், மொழியும் சூழலும் தெரியாது. வழிகாட்டிகளின் பயிற்சியில், அழைத்தால் மட்டும், உதவலாம். போவதற்கு முன் நீங்களே இங்கே ஒரு குழுவில் மாணவராகச் சேருங்கள். டாஃப்டியின் பாடங்கள் தமிழிலும் உண்டு. ஒரு பாடத்தை முடித்து, வாரந்தோறும் தேர்வெழுதி, ஊழிய அறிக்கை கொடுத்துப் பார்த்தால், வேலை முடிந்து களைத்துவந்து விளக்கடியில் புத்தகம் திறக்கும் ஒரு போதகரிடம் என்ன கேட்கிறோம் என்பது தெரியும். உங்கள் மிஷனரிக் குழுவிலிருந்து இரண்டு பேராவது அதை முடித்தபின் வெளிநாட்டுத் திட்டத்துக்குக் கடிதம் எழுதுங்கள். முதல் கடிதத்தில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்களுடைய வழிகாட்டிகளுக்கு இப்போது எது குறைவாக இருக்கிறது என்று கேளுங்கள்.